பழப்புளி பட்ட அம்மன்

லாசால், மொன்ட்ரியால்
23.11.1997

அதெப்பிடி ராசா, ஒரு மனிசன் ஈஸ்டருக்கு வாறன் எண்டு எழுதிப்போட்டு எத்தினை நாளைக்கு நிப்பன் எண்டு மட்டும் எழுதாமல் விடுறது? பின்பக்கத்திலை இருக்குமோ எண்டு கடிதத்தைத் திருப்பிப் பாத்தன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

சரி, அது கிடக்கட்டும். அன்பு மகன் விமலனுக்குச் சின்னம்மா எழுதுறது. முருகன் காலடியிலை நான் நல்ல சுகம். பனி தொடங்கினாப் பிறகு முழங்கால் மட்டும் மாடிப்படியிலை என்னோடை கதைக்குது. நீயும் லண்டனிலை சளி தடிமன் இல்லாமல் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு விளக்கு வைக்கேக்கையும் கேக்கிறன்.

டெலிபோன் எடுத்திருக்கலாமே எண்டு நினைப்பாய். டெலிபோனிலை நீ ஓம் சின்னம்மா, ஓம் சின்னம்மா எண்டு ரண்டு ஓம் போட்டு வைச்சிடுவாய். கடிதம் எண்டால் நான் முடிக்குமட்டும் நீ இருக்கத்தான் வேணும்.

லண்டனிலை ஒரு காட்சிசாலையிலை உன்ரை அம்மன் சிலையை வாற கோடைக்கு வைக்கக் கேட்டிருக்கினம், கீழை உன்ரை பேரும் போடுவினம் எண்டு எழுதினதை மேல்வீட்டுப் பிலோமினம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர் எண்டாலும் என்ரை மோதகத்துக்கு முதல் ஆள் அவதான்.

"எகிப்து அம்மனுக்குக் கீழை யாழ்ப்பாணத்துப் பேரோ?" எண்டா. "அப்ப அந்த அம்மனைப் பெத்ததும் நீங்கள்தானாக்கும்."

"பெறேல்லை. அம்மனை அவன் வளத்தான், அவனை நான் வளத்தன்" எண்டன். அதுக்குப் பிறகு அவ வாயைத் திறக்கேல்லை, மோதகத்துக்கு மட்டும் திறந்தவ.

பொய்யோ? அக்கா கண்ணை மூடேக்கை உனக்கு நாலு வயது. அண்டு தொட்டு என்ரை இடுப்பிலை. எனக்கெண்டு ஒண்டும் பிறக்கேல்லை. தங்கைச்சிக்காரி வளத்தால் பெறாமகன் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். அந்தச் சொல்லிலை 'மகன்' எண்டதுதான் என்ரை காதிலை விழுறது.

நீ லண்டனுக்கு வேலைக்கெண்டு போய் ஆறு வருசம். சித்தப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வந்தாய், வீடு முழுக்க ஆக்கள், நீ கதிரை அடுக்கிறதும் தேத்தண்ணி குடுக்கிறதுமாய் நிண்டுபோட்டுப் பிளேன் ஏறிப்போட்டாய். நாங்கள் ரண்டு பேரும் இருந்து ஆறுதலாய் ஒரு கதை கதைக்கேல்லை.

உன்ரை அறை நீ வைச்சபடி கிடக்கு. கண்ணாடி அலுமாரிக்கை நீலப் பொம்மையள், வண்டு மாதிரி வெட்டின கல்லுகள், மூக்கு உடைஞ்ச மரமுகம். காசு குடுத்து உடைஞ்சதாய்ப் பாத்து வாங்கின மனிசன் நீ ஒருத்தன்தான். நீலப் பொம்மையளைப் பிரேதத்தோடை வைச்சுப் புதைக்கிறவை எண்டு நீ சொன்ன நாளிலையிருந்து வெள்ளிக்கிழமையிலை அந்த அறை வாசலுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் சாமியறைக்குப் போறனான். கோவிக்காதை. ஆனால் செத்தவருக்குப் பதிலாய் மற்ற உலகத்திலை வேலை செய்யிற ஆக்கள்தான் அந்தப் பொம்மையள் எண்டியே, அது எனக்குப் பிடிச்சது. ஒண்டை என்னட்டைத் தந்தால் விடிய பக்டரிக்கு அனுப்பிப்போட்டு நான் படுத்திருப்பன்.

அம்மனை மட்டும் நான் அந்தக் கணக்கிலை சேக்கிறேல்லை. ஒரு சாண் உயரத்திலை மடியிலை பிள்ளையோடை இருக்கிறா. தலையிலை ரண்டு கொம்பு. பச்சை பிடிச்சு முகமே இல்லை. நீ ஐசிஸ் எண்டு ஏதோ பேர் சொன்னாய். எனக்கு அம்மன்தான்.

பாசலிலை விடமாட்டன், நானே வந்து மடியிலை வைச்சுப் பிளேனிலை கொண்டுபோவன் எண்டு எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். பாசலிலை அனுப்பக்கூடிய சாமானாய் இருந்தால் நீ வருவியோ எண்டு ஒரு யோசினை வந்தது. முருகா எண்டு அதை அப்பிடியே விட்டிட்டன்.

எத்தினை நாள் எண்டு எழுது. உனக்குக் கூழ் காய்ச்ச ரொறன்ரோவிலையிருந்து பனங்கிழங்கு ஒடியல் மா எடுப்பிக்கவேணும்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கிற
சின்னம்மா
ஞானாம்பிகை


லாசால்
18.1.1998

அன்பு மகன் விமலனுக்கு,

ரீவியிலை பாத்திருப்பாய், பாத்துப்போட்டுத்தான் ரண்டு தரம் டெலிபோன் எடுத்தனி எண்டு தெரியும், லைன் இல்லை. பயப்பிடாதை, இருக்கிறன். மழை விழ விழ ஐசாகி, மரமெல்லாம் கண்ணாடி மாதிரி நிண்டு நிண்டு முறிஞ்சுது. கரண்ட் கம்பியெல்லாம் றோட்டிலை. ஒரு கிழமை இருட்டு, குளிர். பிலோமினம்மா தன்ரை போர்வை எல்லாத்தையும் சுத்திக்கொண்டு கீழை வந்திட்டா. ஒரு கட்டிலிலை ரண்டு பேர். அவ செபமாலை சொல்ல நான் தேவாரம் சொல்ல, "உங்கடை ஆளோ எங்கடை ஆளோ கரண்டைக் கொண்டு வாறார் எண்டு பாப்பம்" எண்டா. கடைசியிலை பச்சைச் சட்டை போட்ட ஆமிக்காரர் வந்துதான் மரத்தை வெட்டி எடுத்தவை.

கரண்ட் வந்தது பொங்கலுக்குக் கிட்ட. வீடெல்லாம் மெழுகுதிரிப் புகை. உடனை கழுவத் தொடங்கிட்டன். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் இறக்கிப் பழப்புளி போட்டு மினுக்கினன். அப்பதான் உன்ரை அறையைக் கூட்டப் போனன், அம்மனைக் கண்டன். எத்தினையோ தரம் கண்டதுதான். ஆனால் அண்டைக்குத்தான் கிட்ட வைச்சுப் பாத்தன், விமல். கொம்புக்கு நடுவிலை வட்டமாய் ஒண்டு இருக்குதெல்லோ, அது சூரியன். சூரியனும் மாட்டுக் கொம்பும். தைப்பொங்கலையும் மாட்டுப்பொங்கலையும் ஒண்டாய்த் தலையிலை வைச்சுக்கொண்டு என்ரை வீட்டிலை இருந்திருக்கிறா, நான் பாக்கேல்லை.

ஊர்ச்சனமெல்லாம் பாக்கப்போற இடத்துக்குப் பாசியோடை அனுப்பலாமோ? கீழை உன்ரை பேர் கிடக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டாமல் கலியாணவீட்டுக்கு அனுப்பினவளோ எண்டு என்னைத்தானே கேப்பினம்.

பழப்புளியை நல்லாய்க் கரைச்சு, உப்புப் போட்டு, அம்மனை அதுக்கை இருத்தினன். விடியத் தும்பாலை தேச்சன். தண்ணி பச்சையாய் ஓடிச்சுது, ஓடிச்சுது, அப்பிடி ஒரு ஊத்தை. பேந்து துடைச்சுப்போட்டு யன்னலடியிலை வைச்சன். தங்கம், ராசா. தங்கம். முகம் வந்திட்டுது. நீள மூக்கு, சின்ன வாய், கண்ணுக்கை வெள்ளி வைச்சிருக்கிறாங்கள். மடியிலை இருக்கிற பிள்ளையின்ரை காது கூடத் தெரியுது. சந்தனம் குங்குமம் வைச்சுப் பொங்கல் பானைக்குப் பக்கத்திலை வைச்சன், பிலோமினம்மாவே கையெடுத்துக் கும்பிட்டா.

நீ வந்து கதவைத் திறக்கேக்கை நேர முன்னாலை இருப்பா. ஒரு வார்த்தை சொல்லாமல் வைச்சிருந்து பாக்கலாம் எண்டுதான் நினைச்சனான், என்ரை வாய் விடேல்லை.

ஒடியல் மா வந்திட்டுது. எத்தினை நாள் எண்டு இன்னும் நீ எழுதேல்லை.

சின்னம்மா


லண்டன்
3.2.1998

அன்பின் சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐஸ் மழையில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல். பிலோமினம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சிலையைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதித்தேன். அந்தப் பச்சை ஊத்தை இல்லை, சின்னம்மா. அவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்ததில் வெண்கலத்தின் மேல் தானாக வளர்ந்த தோல் அது. ஒரு சிலை எங்கே கிடந்தது, எவ்வளவு காலம் கிடந்தது என்பதை அந்தத் தோலை வைத்துத்தான் படிப்பார்கள். உரித்துவிட்டால் திரும்ப வராது. காட்சிசாலையில் மறைக்க எனக்கு விருப்பமில்லை, நடந்ததைச் சொன்னேன். மரியாதையாக மறுத்துவிட்டார்கள். வேறு ஒருவருடைய சிலையை அந்த இடத்தில் வைக்கப் போகிறார்கள்.

ஆகவே ஈஸ்டருக்கு நான் வருவதற்கு இப்போது காரணம் இல்லை. டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டேன்.

பிழை உங்களுடையது அல்ல. சொல்லி வைக்காதது நான்தான். ஒரே ஒரு வேண்டுகோள். மற்றச் சாமான்களில் கை வைக்க வேண்டாம். தூசி இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்
விமலநாதன்


லாசால்
22.2.1998

விமல்,

விமலநாதன் எண்டு முழுப்பேர் போட்டிருக்கிறாய், பாங்குக்கு எழுதினமாதிரி. சரி. அம்மனை அப்பிடிச் செய்தவளுக்கு அதுவும் வேணும்.

கடிதம் வந்த கிழமை பக்டரிக்கு லீவு சொல்லிப்போட்டு, அம்மனைத் துவாயிலை சுத்திக்கொண்டு, பிலோமினம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினன். நோத்ர்டாம் றோட்டிலை நீ உதெல்லாம் வாங்கின கடைக்குப் போனம், அந்த எகிப்துக்காரர், அலெக்சாந்திரியாக் கிழவர், இன்னும் இருக்கிறார். பிலோமினம்மா பிள்ளையள் பாக்கிற இடத்திலை, கார்டரீயிலை, வேலை செய்யிறபடியால் பிரெஞ்சு கதைப்பா. கிழவர் துவாயை விரிச்சார். பாத்தார். பாத்துப்போட்டுப் போய்க் கதிரையிலை இருந்திட்டார். "மதாம், மதாம்" எண்டார்.

என்ன போட்டது எண்டு கேட்டார். பழப்புளிக்குப் பிரெஞ்சிலை என்ன பேர் எண்டு தெரியாமல் பிலோமினம்மா முழிக்க, நான் பைக்குள்ளை கொண்டுபோன புளிக்கட்டியை எடுத்துக் குடுத்தன். மணந்து பாத்தார். அந்த முகம் மாறிச்சுது பார், விமல். சிரிக்கிறாரோ அழுறாரோ தெரியேல்லை. அலெக்சாந்திரியாவிலை வெய்யிலுக்கு அவரின்ரை தாய் இதைக் கரைச்சுச் சீனி போட்டுக் குடுக்கிறவவாம். "நாங்கள் குடிக்கிறனாங்கள், நீங்கள் அம்மனுக்குப் பருக்கிப்போட்டியள்" எண்டாராம்.

"பச்சை திரும்ப வர என்ன செய்யவேணும்? வினாகிரியோ, உப்போ, என்னெண்டாலும் செய்யிறன், கேட்டுச் சொல்லுங்கோ" எண்டன்.

"ஆத்தங்கரைச் சேத்துக்கை புதைச்சுப்போட்டு ரண்டாயிரம் வருசம் கழிச்சுக் கொண்டு வரட்டாம்" எண்டா பிலோமினம்மா.

"எனக்கு ஈஸ்டருக்கு முதல் வேணும் எண்டு சொல்லுங்கோ."

அதை அவ மொழிபெயர்க்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வெளியிலை கூட்டிக்கொண்டு வந்திட்டா. பஸ்ஸுக்கு நிக்கேக்கை, "ஞானம், நீங்கள் சிலைக்கோ அழுறியள்?" எண்டு கேட்டா. நான் குளிருக்குக் கண் தண்ணி விடுது எண்டன்.

ஆனால் உன்னட்டைக் கேக்கிறன். காரணம் இல்லை எண்டு எழுதியிருக்கிறாய். கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு அந்த இடத்தைத் திரும்பவும் வாசிச்சன். நீ அம்மனை எடுக்க மட்டுமோ வர இருந்தனி? என்னைப் பாக்க வர இருந்ததிலை ஒரு கொஞ்சமும் இல்லையோ? கால்வாசி? ஒரு தேத்தண்ணி அளவு?

கோவமெண்டால் வந்து பேசு, ராசா. சித்தப்பா பேசுறமாதிரிக் கதவைச் சாத்திப்போட்டு, அயல் கேக்காமல், நல்லாய்ப் பேசு. திருப்பி ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். எழுத்திலை பேசாதை. நீ எழுத்திலை பேசினால் கோவிச்ச மாதிரியே இல்லை, அதுதான் பயமாய் இருக்கு.

மற்றச் சாமானிலை நான் கை வைக்கேல்லை. அறைக்கையே போறேல்லை.

சின்னம்மா


லண்டன்
24.3.1998

அன்பின் சின்னம்மாவுக்கு,

ரொறன்ரோவிலிருந்து பொதி கட்டும் ஆட்கள் ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை வருவார்கள். பழைய பொருட்களைக் கட்டித் தெரிந்தவர்கள். அலுமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக் கட்டுவார்கள். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் எழுத எனக்கு வரவில்லை. பலமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தக் கடை யன்னலில் அந்தச் சிலையை நான் முதலில் கண்டபோது அதற்கு முகம் இல்லை. அதனால்தான் வாங்கினேன். எனக்கு அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை, சின்னம்மா. படங்கள் எல்லாம் ஊரில் வீட்டோடு எரிந்துவிட்டன. மடியில் பிள்ளையோடு முகம் தெரியாமல் ஒருவர் இருந்தார். படிக்கிற நாளில் மேசையில் எனக்கு எதிரே வைத்திருப்பேன். யாருடைய முகத்தையும் அங்கே வைத்துப் பார்க்கலாம். நீள மூக்கு, சின்ன வாய் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, யாரோ பிறத்தியார் வந்து அந்த இடத்தில் இருந்துவிட்டது போல ஆகிவிட்டது. முப்பத்தைந்து வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிலையை நீங்களே வைத்திருங்கள். பார்க்க எனக்கு மனமில்லை. உங்கள் சாமியறையில் இருக்கட்டும்.

வேலை அதிகம். கோடையில் வர முடியுமா என்று பார்க்கிறேன்.

விமலன்


லாசால்
21.4.1998

என்ரை விமலனுக்கு,

வருசப்பிறப்புக்கு உனக்கும் சேத்துக் கைவிசேசக் காசு எடுத்து வைச்சிருக்கிறன். ரொறன்ரோ ஆக்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்து மணியடிச்சவை. வெள்ளிக்கிழமை வீட்டிலையிருந்து சாமான் வெளியிலை குடுக்கிறேல்லை எண்டன். ஒருத்தன் வெள்ளைக்காரன், மற்றவன் ஹெயிட்டிக்காரன். வெள்ளைக்காரன் கடியாரத்தைக் காட்டினான். மற்றவன் மட்டும், "எங்கடை தாயும் இப்பிடித்தான், வா போவம்" எண்டு அவனை இழுத்துக்கொண்டு போனவன். பிலோமினம்மா சொல்லித்தான் எனக்கு விளங்கினது. நேற்றுத் திங்கட்கிழமை திரும்ப வந்தவை. நல்ல ஆக்கள். நீலப் பொம்மை ஒவ்வொண்டையும் பச்சைப் பிள்ளையைத் தூக்கிறமாதிரித் தூக்கிப் பஞ்சிலை கிடத்தினவை. நான் வாசலிலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். ஒண்டையும் தொடேல்லை.

உன்ரை கடிதத்தைக் கொண்டுபோய்ச் சாமியறையிலை வைச்சிட்டு ஒரு கிழமை அதுக்குக் கிட்டப் போகேல்லை. அக்காவின்ரை முகம் உனக்கு ஞாபகம் இல்லை எண்டு எனக்கு ஆர் சொன்னது? நீ கேட்டதில்லை. நீ கேக்காததாலை ஞாபகம் இருக்கு எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்திட்டன். இப்ப சொல்லுறன், கேள். படம் கீறத் தெரியாது, எழுதத்தான் தெரியும்.

அக்காவுக்கு என்னைப்போலை வட்ட முகம் இல்லை. கொஞ்சம் நீளம். நெத்தி அகலம், அதை மறைக்கத் தலைமயிரை முன்னுக்கு இழுத்து வாருவா, அது சொல்வழி கேளாமல் பின்னுக்குப் போயிடும். ஒரு பல்லு மற்றதுக்கு மேலை ஏறி நிக்கும், அதாலை சிரிக்கேக்கை வாயைக் கையாலை மூடுவா. மூடி என்ன, கண் முந்திச் சிரிச்சிடும். வலது கன்னத்திலை ஒரு சின்ன மறு, கடுகளவு. உன்னைத் தூக்கி வைச்சிருக்கேக்கை நீ அதைத்தான் நகத்தாலை நோண்டுவாய், அவ "ஐயோ இவன் என்ரை பொட்டைக் களவெடுக்கிறான்" எண்டு கத்துவா. கோவம் வந்தால் கத்தமாட்டா. கீழ் உதட்டை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் இருப்பா. அதை நான் எழுதத் தேவையில்லை. போய்க் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு சொண்டை உள்ளுக்கு இழுத்துப் பார். அக்கா நிப்பா. எனக்கு முப்பத்தொரு வருசமாய் அப்பிடித்தான் நிண்டவ. டிக்கெட்டை வேண்டாம் எண்டு எழுதேக்கையும் நீ அப்பிடித்தான் இருந்திருப்பாய்.

இன்னும் கனக்க இருக்கு. நடக்கிற நடை, கூப்பிடுற குரல், அதெல்லாம் எழுத்திலை வராது. நான் நடந்து காட்டவேணும், கூப்பிட்டுக் காட்டவேணும்.

இனி அம்மன். நீ வைச்சிருங்கோ எண்டாய். நான் வைச்சிருக்கேல்லை. குங்குமத்தைத் துடைச்சு, அந்த ஹெயிட்டிப் பெடியனின்ரை கையிலை குடுத்து, இதையும் கட்டு எண்டு சொல்லிப்போட்டன். சாமான் எழுதின பேப்பரிலை இல்லையே எண்டான். இருக்கவேணும் எண்டன். கோவிக்காதை. உனக்கு அந்த முகம் பிடிக்காட்டி ஒரு சீலையாலை மூடி வை. இஞ்சை அவ இருக்கேலாது. ஏன் எண்டால், உன்ரை சாமான் ஒண்டு இஞ்சை கிடந்தால், அதை எடுக்க நீ ஒருநாள் வருவாய் எண்டு நான் பாத்துக்கொண்டு இருப்பன். ஆறு வருசமும் அப்பிடித்தான் இருந்தனான். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அலுமாரியைத்தான் முதல் பாக்கிறது, உன்னை நினைக்கிறது பேந்து. அது நல்ல பழக்கம் இல்லை.

அறை இப்ப வெறுமை. கூட்டிக் கழுவிப்போட்டன், மஞ்சள் தண்ணியும் தெளிக்கேல்லை. கட்டிலிலை புது விரிப்புப் போட்டிருக்கு. இனி இஞ்சை நீ எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, ராசா. வந்தால் என்னட்டைத்தான் வரவேணும். வேறை காரணம் ஒண்டும் நான் மிச்சம் விடேல்லை. வராட்டியும் நான் கேக்கமாட்டன். ஒடியல் மாவைப் பிலோமினம்மாவோடை கூழ் காய்ச்சிக் குடிச்சிடுவன், புழு வைக்க விடேலாது.

உன்ரை
சின்னம்மா

ஒட்டின கடித உறையைத் திரும்பவும் கிழிச்சுப்போட்டு எழுதுறன், இப்பதான் ஞாபகம் வந்தது. போன மார்கழியிலை கீழ்வீட்டிலை களவு போய், வீட்டுக்காரன் எல்லாற்றை பூட்டையும் மாத்திப்போட்டான். நீ கொண்டுபோன திறப்பு இப்ப இந்தக் கதவைத் திறக்காது, மணியை அடி.